வெட்டுச்சான்று

எஸ்தர் படத்தை ஒரு மணி நேரத்திலிருந்து அரை மணி நேரமாகக் குறைத்தாள். திட்டக்கோப்பு முப்பத்தொரு ஜிபியிலிருந்து நாற்பத்து நான்காக ஏறியது.

“பாதியா வெட்டுனியேம்மா,” என்றார் தணிகைவேல். “எப்புடி ஏறுது?”

“வெட்டுனதாலதாண்ணா ஏறுது.”

அவர் சின்னமேட்டுக் குப்பத்தின் மீனவர் சங்கச் செயலாளர். அனல் ஆலையின் சாம்பல் தண்ணீர் வீடுகளுக்குள் வருவதைச் சுவரில் மாட்டிய கேமராக்களில் குப்பமே இரண்டு வருடமாகப் பதிவு செய்திருந்தது. இருநூற்று அறுபது மணி நேரம். அதிலிருந்து ஒரு படம் மாலை ஐந்து மணிக்குள் கரையோர ஆணையத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் ஆலை விரிவாக்கத்துக்காகத் திங்கட்கிழமை குப்பத்தைக் காலி செய்வார்கள். கோப்பு பத்து ஜிபியைத் தாண்டினால் ஆணையம் வாங்காது.

பொய்ப்படங்கள் பெருகிய பிறகு வந்த சட்டம். சாட்சிப் படங்களைச் சான்றி என்ற இயந்திரத்தில்தான் தொகுக்கலாம், பார்க்கலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் அது ஒரு சான்று எழுதும்: நீக்கியதில் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள், நீக்கியதால் பொருள் எவ்வளவு மாறியது. காட்சிகள் அரசுக் காப்பகத்தில் இருந்தன. கோப்பில் அவற்றின் முகவரி மட்டும்தான். மீதியெல்லாம் சான்றுகள்.

“வேண்டாத சான்ற அழிச்சுடு.”

“அழிச்சேன். அழிச்சதுக்கு ஒண்ணு எழுதுச்சு.”

“அப்போ பழையபடியே வுட்டுடு.”

“மனசு மாறுனதுக்கும் எழுதும்.”

“இது மிஷினா, தாலுக்கா ஆபீஸா?”

குறுக்கே போன ஓர் ஆட்டை அவள் நீக்கியிருந்தாள். அதற்கு மூன்று பக்கம். ஆட்டின் உரிமையாளர் சாட்சியாக இருக்கக்கூடும் என்று எழுதியிருந்தது.

மணி மூன்றரை. ஆலையின் வக்கீல் தங்கள் படத்தை முந்தின நாளே கொடுத்துவிட்டார். ஒரே கேமரா, ஒரே இடம், தெளிந்த முகத்துவாரம், ஒன்பது நிமிடம். வெட்டே இல்லை. ஆணையம் அதற்கு ‘மாசற்ற சாட்சி’ என்று முத்திரை வைத்திருந்தது.

“கேமராவ எங்க வைக்கிறான்றதே வெட்டுதானே?”

“அதுக்குச் சான்று கிடையாதுண்ணா.”

எஸ்தர் அந்தக் கோப்பை மூடினாள். பிறகு புதுக்கோப்பு ஒன்றைத் திறந்தாள். இருநூற்று அறுபது மணி நேரத்தையும் தேதி வரிசையில் இழுத்துப் போட்டாள். எதையும் தொடவில்லை. சான்றே இல்லாத கோப்பு ஒரு ஜிபியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

“இத்த எவன் பாப்பான்?” என்றார் தணிகைவேல்.

“பாத்து முடிக்கிற வரைக்கும் யாரையும் காலி பண்ணச் சொல்ல முடியாது.”

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது.

எட்டாம் நாள் ஆணையத்தின் பதிவாளர் கூப்பிட்டார். குரல் தளர்ந்திருந்தது.

“மேடம், எங்க உறுப்பினர் ஓட்டி ஓட்டித்தான் பாத்தாரு. ஓட்டுனதெல்லாம் வெட்டாம். சான்றி அவர் பேருல எழுதிடுச்சு. சாப்பாட்டுக்கப்புறம் கொஞ்சம் கண்ணசந்துட்டாரு. அதுக்கும் எழுதியிருக்கு. பதினோரு நிமிஷம், காரணமில்லாம நீக்கம்னு. தீர்ப்புக் கோப்பு அறுபது ஜிபி. எங்க ஆணையமே அத வாங்க மாட்டேங்குது.”

“அப்புறம்?”

“முதல்லேருந்து பாத்துட்டிருக்காரு. ஓட்டாம. நீங்க கொஞ்சம் வெட்டிக் குடுத்தீங்கன்னா…”

“வெட்டுனா பெருசாகும் சார். இப்ப எங்க இருக்காரு?”

“பதினாலாவது மணி நேரம். வீட்டுக்குள்ள தண்ணி. கட்டில்ல ஒரு பொண்ணு கைக்குழந்தைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. வேற ஒண்ணுமே நடக்கல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “தண்ணி எப்ப வடியும்னு கேக்கறாரு.”

தன் அரை மணிப் படத்தில் எஸ்தர் அந்தக் கட்டிலுக்கு நான்கு விநாடி கொடுத்திருந்தாள்.

பதிவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள்.

“இன்னும் பத்தொன்பது மணி நேரம் சார்.”