பாசேஜ்காரர் என்ன சொன்னாக?

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. அத்தாவுக்குத் திராட்சைத் தோட்டம். அம்மாவுக்குச் சமையலும் எங்களைத் திட்டுவதும். ஷரீபா அக்காவுக்குப் படிப்பு. எனக்குத் தூது.

சிரிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பும் படித்துக்கொண்டு தூதும் போவது என்ன லேசான வேலையா?

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகும் வழியில் எங்கள் தோட்டம் இருக்கிறது. பாதிப் பந்தல் அத்தாவுடையது. மீதிப் பாதி அஷ்ரப் சின்னத்தாவுடையது. அவர் அத்தாவின் கூடப் பிறந்த தம்பி. நடுவில் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று.

போன வருஷம் கொடிகளை எப்போது கவாத்து செய்வது என்று இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. "இப்பவே வெட்டணும்" என்றார் அத்தா. "பத்து நாள் பொறுக்கணும்" என்றார் சின்னத்தா. ஆளுக்கொரு நாளில் வெட்டினார்கள். கடைசியில் மழை வந்து இரண்டு பேர் பழத்தையும் ஒரே மாதிரி கெடுத்தது. அடுத்த தடவை பழம் நன்றாகவே காய்த்தது. பேச்சுதான் திரும்பி வரவில்லை.

ஆனால் கிணறு ஒன்றுதானே? பேசாமல் எப்படித் தண்ணீர் பாய்ச்சுவது? அதற்குத்தான் நான்.

இரண்டு பேரும் பத்தடி தள்ளித் தள்ளி நிற்பார்கள்.

"பெனாசிரு, மோட்டார எப்ப நிறுத்துறான்னு கேளு" என்பார் அத்தா.

அது சின்னத்தாவின் காதில் நன்றாகவே விழும். இருந்தாலும் அவர் தலைக்கு மேலே தொங்கும் குலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் போய்ச் சொல்ல வேண்டும்.

"சின்னத்தா, மோட்டார எப்ப நிறுத்துறான்னு அத்தா கேக்குறாக."

"ஆறு மணிக்கு நிக்கும். அங்கன நின்னு மொறைக்க வேணாம்னு உங்கத்தாகிட்ட சொல்லு."

நான் பத்தடி நடந்து வந்து அதையும் சொல்வேன். முறைப்பதையும் சேர்த்துத்தான்.

தூதுக்கு அம்மா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள். "வாங்குன சேதிய வாங்குனபடியே குடு. ஓன் சரக்கச் சேக்காத. சேத்தா சண்ட பெருசாகிப்போகும்." இதுவரை நான் ஒரு 'ம்' கூடச் சேர்த்ததில்லை.

சரி, இப்போது அக்காவுக்கு வருவோம்.

அக்காவுக்கு வக்கீல் ஆக வேண்டும். அவளுக்கு வாதாடுவது அவ்வளவு பிடிக்கும். குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று நாம் சொன்னால், இல்லவே இல்லை என்று சோறு ஆறும்வரை பேசுவாள். வெளியூரில் ஒரு சட்டக் கல்லூரி இருக்கிறது. அதில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதுரையில் தேர்வு.

"ஒரு தடவ எழுதுத்தா. கெடச்சா போ. கெடைக்கலைன்னா இங்கனயே ஏதாச்சும் படி" என்று அத்தா சொல்லியிருந்தார். ஆக, இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

அந்தத் தேர்வில் இங்கிலீஷ் பாசேஜ் நிறைய வரும். அதாவது ஒரு பத்தி கொடுப்பார்கள். அதைப் படித்துவிட்டு, கீழே உள்ள கேள்விகளுக்குச் சரியான விடையில் டிக் போட வேண்டும். அக்கா தினமும் ஒரு கைடு வைத்துக்கொண்டு பழகினாள். "பின்னாடி விடை இருந்தா கண்ணு தானாப் போகுதுடி" என்று அந்தப் பக்கங்களை அவளே கிழித்து என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் அவற்றை அரிசி டிரம்முக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

அக்கா டிக் போட்டுத் தருவாள். நான் ஏ, பி, சி, டி ஒத்துப் பார்த்து மார்க் போடுவேன். பாசேஜில் உள்ளது எனக்குப் பாதிதான் புரியும். பாதி என்பதும் பெருமைக்குச் சொல்வதுதான். ஆனால் மார்க் போட அதெல்லாம் எதற்கு? ஏ என்றால் ஏ, பி என்றால் பி.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா டிக் போட்டுத் தந்தாள். நான் ஒத்துப் பார்த்தேன்.

"எத்தன?" என்றாள்.

"அஞ்சுக்கு ரெண்டு."

அக்கா கைடைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள். "எனக்கு இங்கிலீஷே வராது. நான் மதுரைக்குப் போகல. அத்தாகிட்டப் போய்ச் சொல்லிரு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா ஹாஸ்டலுக்குப் போனால் ஜன்னலோரக் கட்டில் எனக்குத்தான். அதற்காக நான் துஆ கேட்டது அல்லாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அப்போது கட்டில் என் நினைவுக்கே வரவில்லை. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வாதாடுகிற அக்காவை நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அழுகிற அக்காவைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"அந்தச் சேதிய நாளைக்குக் கொண்டு போறேன். இன்னைக்குத் தூதுக்கு லீவு" என்றேன்.

கைடை எடுத்துத் தூசி தட்டினேன். நான் போட்ட பழைய மார்க்குகளைப் புரட்டினேன். பனிக்கரடி பாசேஜில் அஞ்சுக்கு அஞ்சு. ஒட்டகத்திலும் அஞ்சுக்கு அஞ்சு. கப்பலிலும் அப்படியே. அப்புறம் எங்கேதான் குறைந்தது? நாய் பாசேஜில் மூன்று. வாழை பாசேஜிலும் மூன்று. திராட்சையில் இரண்டு.

நான் தலையைச் சொறிந்தேன். பனிக்கரடியை அக்கா கண்ணால்கூடப் பார்த்ததில்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியில்தான் தவழ்ந்தே வளர்ந்தாள். தெரியாத விஷயத்தில் புலி, தெரிந்த விஷயத்தில் எலியா? இதென்ன கூத்து!

"அக்கா, இந்தத் திராட்சை பாசேஜ எனக்குத் தமிழ்ல சொல்லேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். கதையாக் கேக்குறேன்."

கதை என்றால் அக்கா மாட்டேன் என்று சொல்லமாட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏதோ ஒரு குளிர் நாடு. குளிர்காலத்துல அங்க கொடியெல்லாம் தூங்கிருமாம். வருஷத்துக்கு ஒரு தடவதான் பழம் பறிப்பாங்களாம். பேத்தல்! நம்ம பந்தல்ல மூணு தடவ பறிக்கல?"

"கேள்வி என்ன?"

"வருஷத்துக்கு எத்தன தடவ பறிக்கிறாங்கன்னு."

"நீ எதுல டிக் போட்ட?"

"மூணுல. அதானே உண்ம?"

நான் நாய் பாசேஜைத் திருப்பிக் காட்டினேன்.

"இது அதுக்கும் மேல! விருந்தாளியக் கண்டா நாய் வால ஆட்டுமாம். நம்ம செவல ஆட்டுமா?"

செவலை எங்கள் தோட்டத்துக் காவல் நாய், கோம்பை ஜாதி. போன மாதம் எங்களைப் பார்க்க வந்த மாமாவை அது மோட்டார் ரூமுக்குள் விரட்டி, அத்தா வரும்வரை வெளியே விடவில்லை. அதனால் அக்கா சொல்வது உண்மைதான்.

உண்மைதான். தப்பும் அங்கேதான் இருந்தது! எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

"அக்கா, ஒனக்கு இங்கிலீஷ் நல்லா வருது. நீ பாசேஜ் கூடச் சண்ட போடுற, அதான் மார்க் போகுது."

"தப்பா எழுதியிருந்தா சண்ட போடாம?"

"அவரு ஊர்ல அப்படித்தான் போல. அவர்கிட்ட நம்ம செவலையா இருக்கு?"

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் நீ வக்கீல் இல்ல. என்ன மாதிரி தூது" என்றேன். "இத எழுதுனவரு பத்தடி தள்ளி நிக்கிறாருன்னு வச்சுக்க. அவரு சொன்னத வாங்கிட்டு வந்து எங்கிட்டக் குடு. ஓன் சரக்கச் சேக்கக் கூடாது. எங்க, சொல்லு பாப்போம். பாசேஜ்காரர் என்ன சொன்னாக?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வருஷத்துக்கு ஒரு தடவதான் பழம்னு சொன்னாக. ஆனா..."

"சேதியில 'ஆனா' கெடையாது."

"இல்லடி, ஆனா நம்ம தோட்டத்துல..."

"அம்மா! அக்கா சரக்குச் சேக்குறா!"

"ரெண்டு பேத்துக்கும் கரண்டிதான்!" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

அக்கா ஒன்று என்ற விடையில் டிக் போட்டாள். ஆனால் பழுக்காத பழத்தைக் கடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அடுத்த கேள்விக்குப் போனதும் அடக்கிய சண்டை மறுபடி வெளியே வந்தது. விடையும் தப்பாகிப்போனது. அக்காவை வாதாடாதே என்று சொன்னால் முடிகிற காரியமா? செவலையைக் குரைக்காதே என்று சொல்வது போலத்தான்.

அப்புறம் எனக்கு ஒரு வழி தோன்றியது.

"சரி, டிக் போட்டு முடிச்சப்புறம் திட்டிக்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. முன்னாடி மட்டும் கூடாது."

"நெசமாவா?"

"நெசமா. ஆனா டிக் மொதல்ல."

அவ்வளவுதான். அக்கா ஐந்துக்கும் டிக் போட்டாள். பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு பத்தடி தள்ளி நின்றிருந்த குளிர் நாட்டுக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"யோவ்! ஒரு தடவ எங்க கம்பத்துக்கு வந்து பாருய்யா! எங்க கொடிக்குத் தூக்கமே கெடையாதுய்யா!"

தெருவில் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் அக்கா எட்டிப் பார்த்து, "யாரப் போட்டு இந்தத் திட்டு திட்டுற ஷரீபா?" என்று கேட்டார். அங்கே யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டுக் கவலையோடு போனார்.

அடுத்த பாசேஜில் நான்கு மார்க். மறுநாள் வரிசையாக அஞ்சுக்கு அஞ்சு. மதுரைக்குப் போகல என்ற சேதியை நான் கொண்டு போகவே இல்லை. அக்காவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தா, அக்கா, நான் மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். தேர்வு நடக்கும் இடத்தின் வாசலில் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உள்ள திட்டக் கூடாது. எல்லாத்தையும் சேத்து வச்சுக்க. பஸ்ல வச்சுக்கலாம்."

தேர்வு முடிந்து வந்தபோது அக்கா வாயை இறுக்கி மூடியிருந்தாள். அத்தா பயந்துவிட்டார். "என்னத்தா, கஷ்டமா கேட்டுட்டாகளா?" என்றார். அக்கா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். பஸ் ஊரைத் தாண்டியதுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டாள்.

"மலையடிவாரத்துல எப்பவும் மழையாம் அத்தா! அந்த மழை கேரளாவோட திரும்பிப் போயிருது, நம்ம பக்கம் சாரல்தான் எட்டிப் பாக்குதுன்னு அந்தப் பாசேஜ்காரருக்குத் தெரியுமா?"

உசிலம்பட்டி வருவதற்குள் இரண்டு பாசேஜ்காரர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அப்புறம் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கடைசிப் பாசேஜ் என்ன?" என்றேன்.

"படிக்கிற பிள்ளைகளப் பத்தி." அக்கா இழுத்தாள். "வீட்டுல சின்னப் பிள்ளைக இருந்தா தொந்தரவாம். படிப்பு கெட்டுப்போகுமாம்."

"நீ எதுல டிக் போட்ட?"

"தொந்தரவுலதான். பாசேஜ்காரர் சொன்னத அப்படியே குடுத்துட்டேன். ஒரு 'ஆனா' கூடச் சேக்கல."

சரிதான். நான் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்திருக்கிறாள். ஆனாலும் எனக்குக் கண் கலங்கியது.

அக்கா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பிறகு அந்த மனிதரைத் திட்ட ஆரம்பித்தாள் பாருங்கள்! திராட்சைக்காரர் வாங்கியதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆண்டிபட்டிக் கணவாய் வரும்வரை நிறுத்தவில்லை. முன் சீட்டில் இருந்த பெரியவர் பொறுக்க முடியாமல் திரும்பினார்.

"அந்த ஆளு அப்படி என்னம்மா பண்ணுனான்?"

"என் தங்கச்சியப் பத்தித் தெரியாமப் பேசிட்டாரு" என்றாள் அக்கா.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. அதைப் பார்க்க அக்கா அம்மாவோடு கம்பத்தில் உள்ள இன்டர்நெட் கடைக்குப் போயிருந்தாள். அத்தாவும் சின்னத்தாவும் அவரவர் பந்தலில் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல நடுவில். அத்தாவின் கையெல்லாம் பழச்சாறு, அதனால் அவருடைய செல்போன் என்னிடம் இருந்தது. அது அலறியது.

"பெனா!" என்று அக்கா கத்தினாள். "எனக்கு எடம் கெடச்சிருச்சு! அத்தாகிட்டச் சொல்லு!"

கத்தவேண்டும் போல, குதிக்கவேண்டும் போல எனக்கு இருந்தது. ஆனால் தூது என்றால் தூதுதான். நேராக நின்று சொன்னேன். "அத்தா, எனக்கு எடம் கெடச்சிருச்சுன்னு அக்கா சொன்னா."

அத்தா கத்தரியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். பத்தடிக்கு அந்தப் பக்கம் பழக்கூடை தொப்பென்று விழுந்தது.

"அண்ணே! கேட்டீகளா? நம்ம ஷரீபா வக்கீலுண்ணே!" என்று சின்னத்தா ஓடி வந்தார்.

"கேட்டேன்டா அஷ்ரப்பு! எல்லாம் ஓன் வாயிடா அவளுக்கு!"

"என் வாயா? அது ஒங்க பிடிவாதம்ணே!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் தாங்கள் செய்த காரியம் அவர்களுக்கே உறைத்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னய எதுக்குப் பாக்குறீக? அதான் நல்லாப் பேச வருதுல்ல?" என்று சொல்லிவிட்டு, செவலையைக் கூட்டிக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போய்விட்டேன். நான் திரும்பி வந்தபோது, அடுத்த கவாத்தை எப்போது செய்வது என்று நேருக்கு நேர் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஜன்னலோரக் கட்டில் எனக்கு வந்தது. முதல் நாள் அதில் தூக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா போன் செய்து ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டுகிறாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் திட்டுகிறாளாம்.

இப்போது எங்கள் வீட்டில் வேலையில்லாமல் இருப்பது நான் ஒருத்திதான்.