கையில் எரியும் பல்பு

கதவுக்கு இடப்பக்கம், கவிழ்த்துவைத்த மூங்கில் கூடைக்குள் எரிந்துகொண்டிருந்த பல்பு கண்ணை மூடித் திறப்பதுபோல் ஒரு தடவை மினுங்கியது. கினாசி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பல்பு புதுசு. முந்தின நாள் காலையில்தான் அவள் புருஷன் பிரசோஜோ அதை டப்பாவிலிருந்து எடுத்து மாட்டியிருந்தான்.

கூடைக்குக் கீழே மண்ணுக்குள் ஒரு சிறு கலயம் இருந்தது. மகள் ராராஸ் பிறந்த அன்று, அவளோடு வந்த நஞ்சுக்கொடியைப் பிரசோஜோ தன் கையால் கழுவி, படிப்பு வர வேண்டுமென்று ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் கூட வைத்து, பெண் பிள்ளை என்பதால் இடப்பக்கமாகப் புதைத்தான். பிள்ளைக்கு முன்னால் வரும் பனிக்குட நீர் அக்கா. பின்னால் வரும் கொடி தங்கை. தங்கை மண்ணுக்குள் தனியாகப் படுத்திருக்கிறாள், அவளுக்கு இருட்டுப் பழகவில்லை. அதனால் ஐந்து வாரம் அவள் தலைமாட்டில் விளக்கு எரிய வேண்டும். அந்தத் தெருவில் பிள்ளை பிறந்த எந்த வீட்டிலும் அப்படித்தான். மண்ணெண்ணெய் விளக்கு இருந்த இடத்தில் இப்போது எல்.இ.டி. பல்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பல்பு இன்னொரு தடவை மினுங்கி, அணைந்தது.

மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த ராராஸ் காம்பிலிருந்து வாயை எடுத்தாள். அழவில்லை. கினாசி அவசரமாக அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர்ப் பானைக்கு அடியில் கை வைத்ததுபோல் ஜில்லென்று இருந்தது. இதற்கு முன் பல்பு போன ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆனது. வேறு பல்பு மாட்டியதும் பாதத்தில் சூடு திரும்பிவிடும். இதை அவள் பிரசோஜோவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான். சிரிக்காமல் இருந்துவிட்டால் அது இன்னும் மோசம்.

அவன் கூடையை நிமிர்த்திப் பல்பைத் திருகிக் கழற்றினான். எதிர்வீட்டுத் தூமினி, துணி எடுக்க வந்தவள், அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏம்ப்பா, சந்தையில மைக்கு வெச்சு இருபத்தஞ்சாயிரம் மணி நேரம் எரியும்னு கத்துற. ஊருக்கு ஒரு வருஷம் கேரண்டி, சொந்தப் பிள்ளைக்கு ரெண்டு நாளா?"

"பல்பு மேல தப்பு இல்லக்கா. இதுக்குச் சூடு ஆவாது. மேல கூடை, அதுக்கு மேல மழைக்கு பிளாஸ்டிக்கு. காத்தே போவல. உள்ள இருக்கிற சர்க்யூட்டு வெந்துபோவுது. எரியிற பொட்டுல ஒண்ணு போனா மொத்தமும் போச்சு."

"அப்ப சோத்தைக் கட்டிக்கிட்டுக் கூடைக்குள்ளயே ஒக்காந்து விசிறிவிடு."

பிரசோஜோ சிரித்துக்கொண்டே செத்த பல்பைக் கினாசியிடம் கொடுத்தான். பால்நிற மூடி இளகி, ஒரு பக்கம் நான்கு குழிகள் விழுந்திருந்தன. மறுபக்கம் ஒன்று.

"இது என்னங்க?"

"சூட்டுல பிளாஸ்டிக்கு அமுங்கியிருக்கு."

கினாசி குழிகளில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அவள் விரல்கள் பெரியவை. ராராஸின் விரல்களை வைத்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவன் சந்தை மூட்டையைப் பிரித்து வேறொரு பல்பு எடுத்துவந்தான். உள்ளே பாட்டரி வைத்தது. கரண்டு போனாலும் எரியும். சந்தையில் அவனுக்கு அதிகம் விற்பதும் அதுதான், ஏனென்றால் அதை வைத்து அவன் வித்தை காட்டுவான். திருகுமறையையும் அடிமுனையையும் ஒருசேர உள்ளங்கையில் அழுத்தினால், ஒயர் இல்லாமல், ஹோல்டர் இல்லாமல், பல்பு வெறும் கையிலேயே எரியும். கூட்டம் வாயைப் பிளக்கும்.

"துணி பட்டா எரியாது! கட்டை பட்டா எரியாது! உசுருள்ள தோலு படணும்!" என்று சந்தைக் குரலில் சொல்லிக்கொண்டே குனிந்து, ராராஸின் பாதத்தில் பல்பின் அடியை ஒற்றினான். எரிந்தது. குட்டிப் பாதம் ரோஜா நிறத்தில் ஒளிர்ந்தது. "பாத்தியா, எம்பொண்ணுக்கு ஒடம்பெல்லாம் கரண்டு!"

கினாசியும் சிரித்துவிட்டாள். பாதத்தைத் தொட்டாள். சூடு வந்திருந்தது.

அவன் பல்பை மாட்டி, மழைச் சாரல் படக் கூடாதென்று, ஒயரை இறக்கி மண்ணை ஒட்டினாற்போல் தொங்கவிட்டான். தூமினி துணிக்கூடையோடு தெருவைக் கடந்து வந்து நின்று பார்த்தாள்.

"கொஞ்சம் தூக்கிக் கட்டுப்பா. கைக்கு எட்டுற மாதிரி விடாத."

"யார் கைக்குக்கா?"

அவள் வழக்கம்போல் பதிலுக்குக் கிண்டல் செய்வாள் என்று கினாசி காத்திருந்தாள். அவள் செய்யவில்லை.

"விளக்கு அவளுக்குக் காட்டத்தான். கையில குடுக்கிறதுக்கு இல்ல," என்றாள் தூமினி.

"கொடிக்கு ஏதுக்கா கை," என்று பிரசோஜோ கூடையைக் கவிழ்த்தான்.

மறுநாள். அன்றோடு ஐந்து வாரம் முடிகிறது. அடுத்த நாள் பொழுது விடிந்தால் விளக்கை எடுத்துவிடலாம், அக்கம்பக்கத்துக்கு மஞ்சள் சோறு கொடுக்கலாம், ராராஸுக்கு முடி இறக்கலாம். அந்த ஒரு சாயங்காலத்தைத் தாண்டினால் போதும் என்று கினாசி காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். பிரசோஜோ டெலாங்கு சந்தைக்குப் போய்விட்டான். தூமினி வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்து, வாழைத்தோப்புக்கு மேல் வானம் புண்ணின் உள்பக்கம்போல் சிவந்து கிடந்தது. தெருவில் விளையாடிய பிள்ளைகளைத் தாய்மார்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே இழுத்துக் கதவுகளைச் சாத்தினார்கள். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு அழைத்த குரல் ஈரக் காற்றில் தோய்ந்து, இழுபட்டு, அடங்கியது. அது அடங்கிய பிறகுதான் அவளுக்கு அந்த இன்னொரு சத்தம் கேட்டது. அது முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

பீப். பீப். பீப்.

கதவுக்கு வெளியே, சுவரிலிருக்கும் கரண்டு மீட்டர். கட்டிய பணம் தீரப்போகிறது என்றால் அது இப்படித்தான் கத்தும். கடையில் டோக்கன் வாங்கி, அதிலிருக்கும் எண்ணை மீட்டரில் அழுத்தினால்தான் வாயை மூடும். டோக்கன் வாங்குவது பிரசோஜோவின் வேலை. அவள் போனை எடுத்தாள்.

"டோக்கன் போடலையாங்க?"

"அடக் கடவுளே! மறந்தே போயிட்டேன்டி." அவனுக்குப் பின்னால் மைக்கில் அவன் குரலே ஓடிக்கொண்டிருந்தது, பதிவு செய்து வைத்தது: உசுருள்ள தோலு படணும், உசுருள்ள தோலு படணும். "இரு, இங்கயே வாங்கி நம்பர் அனுப்புறேன். நீ மீட்டர்ல அடிச்சிடு."

"நான் வெளிய போணுமா?"

"கதவுக்கு அந்தப் பக்கம்தானே? கரண்டு போனா என்ன, அந்தப் பல்பு எரியுமே. அதுக்குத்தானே போட்டேன்."

அவன் போனை வைத்ததும் வீடு இருண்டது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. தெருவின் மற்ற வீடுகளில் விளக்குகள் எரிந்தன. இந்த ஒரு வீட்டில் மட்டும் இருட்டு.

ஆனால் கதவுக்கு அடியில் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருந்தது. இடப்பக்கத்தில் வெள்ளையாக. அவளுக்கு மூச்சு வந்தது. அவன் சொன்னது சரிதான், எரிகிறது. கட்டிலில், கொசுவலைக் குடைக்குள் ராராஸ் தூங்கினாள். கினாசி வலைக்குள் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்து, அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம். ஈர மண் வாசனை. அதற்குள் மெல்ல வேறொரு வாசனையும் கலந்து வந்தது. இரும்பும் உப்பும் சேர்ந்த, வெதுவெதுப்பான வாசனை. எங்கேயோ முகர்ந்தது. பிரசவ அறையில் முகர்ந்தது.

கோடு அணைந்தது.

பிறகு எரிந்தது. இப்போது அது கதவின் நடுவில் இருந்தது.

காற்றில் ஒயர் ஆடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காற்று இல்லை. வாழையிலைகூட அசையவில்லை. கோடு அணைந்து, எரிந்து, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது. பிறகு அங்கே ஒன்றுமில்லை.

போன் அதிர்ந்தது. டோக்கன் எண் வந்துவிட்டது.

பிள்ளையைத் தூக்கிக்கொள்ளத்தான் கை நீண்டது. ஆனால் அந்தி நேரம். சிவந்த வானத்துக்குக் கீழே பச்சைப் பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவரக் கூடாது. வீட்டுக்குள் இருப்பதுதான் அதற்குப் பத்திரம் என்று அவளுக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வலையை நன்றாக இழுத்துவிட்டாள். எண்ணை அழுத்த எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? போய் அழுத்திவிட்டு ஓடி வந்துவிடலாம்.

கதவைத் திறந்தாள். இடப்பக்கம் பார்க்காமல் மீட்டரிடம் போனாள். போன் வெளிச்சத்தில் எண்களைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். விரல் வழுக்கியது. தப்பு. மறுபடி முதலிலிருந்து. கால் எதிலோ இடறியது.

கூடை. அது தன் இடத்தில் இல்லை. படிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது.

பார்த்தாள்.

ஒயர் தொங்கியது. ஹோல்டர் காலியாக இருந்தது. கீழே மண் திறந்திருந்தது. நாய் தோண்டினால் மண் ஒரு பக்கமாகத் தெறித்துக் கிடக்கும். இது அப்படி இல்லை. சுற்றிலும் ஒரே அளவில் மேலெழும்பி, உள்ளிருந்து தள்ளிய மாதிரி இருந்தது. கலயத்தின் ஓடுகள் மேலே கிடந்தன. காகிதமும் பென்சிலும் கிடந்தன.

அப்போது வாசல் மண்ணில் அவள் நிழல் விழுந்தது.

வெளிச்சம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. வீட்டுக்குள்ளிருந்து.

திரும்பினாள். திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. தரையை ஒட்டி, கணுக்கால் உயரத்தில், பல்பு எரிந்தது. அணைந்தது. ஒரு முழம் தள்ளி எரிந்தது. அணைந்தது. இன்னொரு முழம். கையை ஊன்றும்போது அணைந்து, மறுபடி பிடிக்கும்போது எரிந்து. சிமெண்டுத் தரையில் ஈரமான ஏதோ இழுபடும் சத்தம். படுக்கையறை வாசல். அங்கே ஒரு தடவை எரிந்தது.

பிறகு இருட்டு.

ஓடினாள். வழுக்கி விழுந்தாள். எழுந்து ஓடினாள். போன் எங்கோ போயிற்று. கட்டில் கையில் தட்டுப்பட்டது. வலை ஒரு மூலையில் தூக்கியிருந்தது. உள்ளே துழாவினாள். துணி. தலையணை. பாதம். சின்னப் பாதம்.

ஜில்லென்றிருந்தது.

"ராராஸ். கண்ணு. அம்மாடி."

பக்கத்தில் பல்பு கிடந்தது. மண்ணும் பிசுக்கும் அப்பியிருந்தது. அதன் மூடியைப் பிடித்து, அடியைப் பாதத்தில் அழுத்தினாள்.

எரியவில்லை.

பாதம் உலர்ந்திருக்கும். நாக்கால் ஈரம் பண்ணினாள். அழுத்தினாள். எரியவில்லை. மற்றப் பாதம். எரியவில்லை. உள்ளங்கை. நெஞ்சு. எரியவில்லை. பல்பு செத்துவிட்டது, இருபத்தைந்தாயிரமாவது ஒன்றாவது, எல்லாம் பொய், பல்புதான் செத்துவிட்டது. தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தாள்.

எரிந்தது.

கையை எடுத்தாள். இருட்டு. பல்பை மறுபடி அந்த ஜில்லென்ற பாதத்தில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

மடிந்த துணிக்கு அடியில் எதுவோ அசைந்தது. வெதுவெதுப்பான, ஈரமான, மிகச் சிறிய விரல்கள் அவள் மணிக்கட்டைத் தொட்டன. தடவின. நகர்ந்து போய்ப் பல்பின் அடியைப் பிடித்தன.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

துணிக்கு வெளியே மண் ஒட்டிய ஒரு முகம் வந்திருந்தது. ராராஸின் முகம். அதே மூக்கு, அதே நெற்றிச் சுழி. பக்கத்தில், தலையணை மேல், அதே முகம் இன்னொன்று அசையாமல் கிடந்தது. மண் ஒட்டிய முகம் அவளைப் பார்த்து, பால் கேட்டு, வாயைத் திறந்தது.

கினாசியின் ரவிக்கை தானாக நனைந்தது.