ஆய்வு நாளில் காணாமல் போனது

காலை ஒன்பது மணி. கொல்லிமலையின் ஒரு மூலையிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையம். குளிர்பெட்டியில் பாம்புக்கடி மருந்து இருக்க வேண்டிய தட்டு, துடைத்து வைத்ததுபோலக் காலியாக இருந்தது.

முந்தின நாள் மதியம், மிளகு பறிக்கப் போன சென்னியப்பனைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் இங்கே மருந்தும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மருந்தை நர்ஸ் மெர்சி திருடி விற்றுவிட்டாள் என்று புகார் கொடுத்தவர், இந்த வட்டாரச் சுகாதார நிலையங்களைக் கவனிக்கும் அலுவலகக் கண்காணிப்பாளர் ஓம்பிரகாஷ். குளிர்பெட்டிச் சாவி அவரிடம் ஒன்று, மெர்சியிடம் ஒன்று. மெர்சி ஒப்பந்த நர்ஸ். கைது என்றால் வேலையும் போச்சு, மானமும் போச்சு. சென்னியப்பன் மனைவி கண்ணாயி விடிந்ததுமே வந்து அவள்மேல் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வளர்மதி குளிர்பெட்டியின் மேலறையைத் திறந்தாள். நான்கு ஐஸ் பாக்கெட்டுகள் உறைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. இங்கே இருப்பதே இந்த நான்குதான் என்றாள் கூட்டுகிற அம்மா.

பிறகு மெர்சியை விசாரித்தாள். மூன்று நர்ஸ் வேண்டிய இடத்தில் வருஷக்கணக்காக அவள் ஒருத்திதான். நேற்றுக் காலை ஓம்பிரகாஷ் அவளை ஜீப்பில் ஏற்றி இன்னொரு சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார். அங்கே மேலதிகாரிகள் ஆய்வு. அந்த ஊர் நர்ஸ் மாதிரி நிற்கச் சொன்னார். மாட்டேன் என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

"கையில என்ன கொண்டு போனே?"

"தடுப்பூசின்னு சார் ஒரு பெட்டி குடுத்தாருங்க மேடம். வழி பூரா மடியிலதான் வச்சிருந்தேன். பெட்டி இன்னும் அங்கதான் இருக்குது."

"கனமா இருந்துதா?"

மெர்சி யோசித்தாள். "இல்லீங்க. ராவெல்லாம் பிரசவம் பார்த்துட்டு ஏறினேன். தூக்கத்துல ஒண்ணும் தோணலீங்க."

வளர்மதி எல்லோரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். கண்ணாயியும் வந்து நின்றாள்.

"ஏன் சார், தடுப்பூசியை ஐஸ் இல்லாம அனுப்புவீங்களா?"

"அதெப்படிங்க மேடம், ஐஸ் வச்சுத்தான் அனுப்புவோம்," என்றார் ஓம்பிரகாஷ்.

"இங்க இருக்கற நாலு ஐஸும் ஒட்டிக்கிட்டுக் கெடக்குது. நேத்து யாரும் தொடவே இல்லை. அதான் பெட்டி கனமில்லை. அப்ப உள்ளே போனது என்ன?"

வளர்மதி ஆய்வு நடந்த ஊர்க் காவலருக்குப் போன் போட்டாள். ஐஸ் இல்லாமலும் ஒன்றிரண்டு நாள் தாங்கும் பாம்புக்கடி மருந்து, அங்கே கண்ணாடி அலமாரியில், ஆய்வுக்கு அடுக்கியபடியே இருந்தது.

"அங்க மருந்தும் இல்லீங்க, ஆளும் இல்லீங்க," என்று முனகினார் ஓம்பிரகாஷ். "ஒரு நாள்தானே, காட்டிட்டுத் திருப்பி வச்சிடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள இப்படி ஆகிப்போச்சு."

"ஒரு நாள்தானேவா?" வளர்மதி அவர் முன்னால் வந்து நின்றாள். "மருந்தையும் தூக்கிட்டீங்க, ஊசி போடறவளையும் தூக்கிட்டீங்க. அவ மடியிலயே வச்சுக் கொண்டுபோயிட்டு, அவளையே திருடின்னு எழுதியும் குடுத்தீங்க. வெக்கமா இல்ல? ஜீப்புல ஏறுங்க."

அவர் ஏறினார். கண்ணாயி மெதுவாக மெர்சியிடம் வந்து, அவள் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"இனிமே இங்கயே இருப்பியா கண்ணு?"

மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியலீங்கம்மா. நாளன்னிக்கு இன்னொரு ஊர்ல ஆய்வுங்க. வரச்சொல்லி இப்பத்தான் போன் வந்துச்சு."