பட்டைக்குக் கீழே

வெட்டிப் போட்டு இரண்டு கோடை காய்ந்த மரத்தில் பட்டை அவ்வளவு சுலபமாகக் கழன்று வரக் கூடாது. கடப்பாரை முனையைச் சொருகியதும், ஏதோ காத்திருந்தது போல அது வழுக்கிக்கொண்டு உரிந்தது. அடியிலிருந்து புளித்த பச்சை வாடை குப்பென்று ஏறியது. அறுப்புக்காரன் முகத்தைச் சுளித்தான். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழவழவென்று ஒரு படலம், உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் வளர்த்து மரத்தைப் பருக்க வைப்பது. உயிருள்ள மரத்தில்தான் அது இருக்கும். வேரற்றுக் கிடப்பதற்கு அது எதற்கு?

"மச்சான், இது இன்னும் சாகல."

மரவாடி அவன் மனைவியின் அண்ணனுடையது. தங்கையை இவனுக்குக் கொடுத்ததற்குக் கிணற்றில் தள்ளியிருக்கலாம் என்று கூலியாட்கள் முன்னாலேயே சொல்லும் மனிதர். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வேலை செய்ய உடம்பு வலிச்சா செத்த மரமும் எழுந்து உக்காரும் மாப்ளே. உரிங்க."

ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தகரக் கூரையில் கொட்டிய மழைச் சத்தத்துக்கு அடியில், ஈரத்துணியை மெல்ல முறுக்குவது போல இன்னொரு சத்தம் கட்டைக்குள்ளிருந்து வந்தது. காது கொடுத்துக் கேட்க, உரித்த இடத்தில் இடது கையை ஊன்றிக் குனிந்தான். வெதுவெதுவென்றிருந்தது, மாட்டின் வயிறு மாதிரி.

கையை எடுக்க முடியவில்லை.

இழுத்தான். தோல்தான் இழுபட்டது. படலம் விரல் இடுக்குகளில் ஏறிக்கொண்டிருந்தது. வேலிக் கம்பியை மரம் விழுங்கிப் பார்த்திருக்கிறான். அதற்கு வருஷக்கணக்காகும். இதற்கு அவசரம்.

"மச்சான், கோடாலி எடுத்துட்டு வாங்க."

வந்தார். பார்த்தார். மணிக்கட்டைச் சுற்றிப் பழுப்பாகப் பட்டை கட்டியிருந்தது.

"கட்டையில வெட்டுங்க. கையில வேணாம்."

கோடாலி கையில்தான் விழுந்தது. பாதி இறங்கி, சிக்கி நின்றது.

வலிக்கவில்லை. அதனால்தான் அலறினான். ரத்தமில்லை. தண்ணீராக ஏதோ கசிந்தது. கோடாலியைப் பிடுங்கியதும் வெட்டுவாய் திறந்தது. ஓரத்தில் வெளிறிய ஈரம். நடுவில் செங்கறுப்பு. வளையத்துக்குள் வளையம்.

நகர்ந்து பார்த்தான். முழங்கால் மடங்கவில்லை.

மச்சான் குனிந்து நகத்தால் கீறினார். மோந்தார். கலியாணம் ஆனதிலிருந்து முதல் முறையாக அவனைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாக, பிரியமாகப் பார்த்தார்.

"நல்லா வைரம் பாஞ்சிருக்கு மாப்ளே."

பிறகு போய் அறுவை மிஷினின் ஸ்விட்சைத் தட்டினார்.