இடது பக்க விளக்கு

இடது பக்க விளக்கு மட்டும் நிற்கவே மாட்டேன் என்றது. பாலு மூன்றாவது முறையாக நட்டை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தான். அது மெல்லத் தலையைத் தொங்கப்போட்டுத் தரையைப் பார்த்தது. வலது பக்க விளக்கு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"க்ராஷ் கார்டு நெளிஞ்சிகீது சார். அதான் க்ளாம்ப் புடிக்க மாட்டேங்குது," என்றான் பாலு, பைக்கின் முன்பக்கக் காப்புக் குழாயை விரலால் தடவியபடி. "எங்கனா இடிச்சிக்கினீங்களா?"

"நாய்," என்றான் கதிரேசன்.

"நாயா? இவ்ளோ உசரத்துலயா?"

கதிரேசன் குனிந்து விளக்கின் ஒயரை ஒதுக்கிவிட்டான். பதில் மெக்கானிக்குக்குத் தேவைப்படவும் இல்லை, கே.கே. நகரில் இன்னொரு வண்டி அவனுக்காகக் காத்திருந்தது. குழாய்க்கும் க்ளாம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டைத் திணித்துவிட்டு ஸ்பேனரை நீட்டினான். இருபத்தைந்து அடி தள்ளி இருந்த சுவரில், விளக்கின் உயரத்துக்கு, முழங்காலுக்குச் சற்று மேலே, சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தான். "ட்யூப்லைட்ட ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க சார். வெளிச்சத்தோட நடு கோட்டுக்குக் கீழ நிக்கணும், அவ்ளோதான். ஸ்பேனர் அப்பால வாங்கிக்கிறேன்."

அவன் வண்டிச் சத்தம் சரிவில் ஏறித் தெருவில் கலந்தது. மதியம் மூன்று மணி. மேலே தி. நகரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அடுக்ககத்தின் கீழே, சரிவு வளைந்து இறங்கும் இந்த வண்டி நிறுத்தத்துக்கு அது எட்டாது. கார்களெல்லாம் வேலைக்குப் போயிருந்தன. ட்யூப்லைட்டை அணைத்ததும் ஈர சிமெண்டின் வாடையும், எங்கோ சொட்டும் குழாயும், தண்ணீர் மோட்டாரின் முனகலும் கிட்டே வந்துவிட்டன.

இன்று விடுப்பு, இருந்தும் கதிரேசன் களைத்திருந்தான். ஜவுளிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை நிற்கிற களைப்பு பழகிப்போன ஒன்று. அது படுத்தால் போய்விடும். இது படுத்தால் வருகிற களைப்பு. போன வருடம் பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் குலசாமி கும்பிடப் போய்விட்டு, இதே பெரிய வண்டியில், பின்னால் மனைவி இசக்கியம்மாளோடு திரும்பி வந்தபோது தொடங்கியது. திண்டிவனம் தாண்டி, பொழுது மங்கி, கண் சொக்குகிற நேரம். இடது பக்கம் ஒரு சத்தம். துணிப் பொதி லாரியிலிருந்து விழுகிற சத்தம். வண்டி ஆடி நேராகிவிட்டது. பின்னால் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. அவன் நிறுத்தவில்லை.

"என்னதுங்க அது?" என்று முதுகில் தூங்கிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் கேட்டாள்.

"நாய்."

சாயம் போகாது என்று தினமும் பத்துப் பேரிடம் சத்தியம் செய்கிறவன். அந்த ஒரு சொல்லைத் தன்னிடமே விற்கத்தான் அவனால் முடியவில்லை. அவள் அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் மறுபடி உத்திரம், அதே சாலை. அதற்குள் அது நாய்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவன் தூங்கிவிடுவான்.

வண்டி விளக்குகளின் சுவிட்சைத் தட்டினான். சுவர் வெள்ளையாக எழுந்து நின்றது. இரண்டு வெளிச்ச வட்டங்கள். இடதுபக்க வட்டத்தின் அடியில், சுவரும் தரையும் சேருமிடத்தில், ஒரு சின்ன இருட்டு.

பூச்சி ஒட்டியிருக்கும் என்று குனிந்து சட்டை நுனியால் விளக்கின் கண்ணாடியைத் துடைத்தான். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. இருட்டு போகவில்லை. சுவர் வரை நடந்துபோய் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான். கறை இல்லை, ஈரம் இல்லை, வெறும் சுண்ணாம்பு. திரும்பி வந்து, வண்டியருகில் உட்கார்ந்து, ஸ்பேனரை நட்டில் மாட்டிவிட்டு நிமிர்ந்தான்.

அது கொஞ்சம் வலப்பக்கம் வந்திருந்தது.

நிழல். எதனுடைய நிழல் என்று பார்க்க நடுவில் ஒன்றும் இல்லை. வழவழத்த சிமெண்டுத் தரை, ஒரு எண்ணெய்க் கறை, அவ்வளவுதான். ஆனால் சுவரில் குனிந்த முதுகு தெரிந்தது. தாழ்ந்த தலை. தலையின் இரண்டு பக்கமும் தொங்கும் காதுகள். எல்லாமே சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே.

கதிரேசனுக்கு அழுகை வந்தது. பயப்பட வேண்டியவன், சிரித்துக்கொண்டே அழுதான். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்தது. நாய்தான். செத்துப்போன நாய், வந்துவிட்டுப் போகட்டும். பைரவர் கோயிலில் ஒரு விளக்குப் போட்டால் தீர்ந்தது.

"நாய்தான்," என்று சத்தமாகவே சொன்னான்.

மோட்டார் நின்றது. சொட்டும் குழாயும் நின்றது.

நிழல் ஒரு கையைத் தரையில் ஊன்றியது.

ஐந்து விரல்.

இன்னொரு கை ஊன்றவில்லை. அது முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துத் தொங்கியது. ஒற்றைக் கையில் பாரத்தைக் கொடுத்து, விழுந்தவர்கள் எழுந்திருக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. கோட்டைத் தாண்டியது. கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு மடங்கு. பாவாடை விளிம்பு. தோளில் ஒரு பை. தலை நிமிர்ந்தபோது காதுகள் தோளுக்கு மேலே ஆடின. நுனியில் முடிச்சு. ரிப்பன்.

மடித்துக் கட்டிய இரட்டைச் சடை.

லிஃப்ட் கதவு திறந்த சத்தத்தை அவன் கேட்கவில்லை. காப்பி வாடை வந்தது. முதுகுக்குப் பின்னால் இசக்கியம்மாள் நின்றிருந்தாள்.

"ஏங்க," என்றாள். கண் சுவரில் இருந்தது. "நாய்னுதான சொன்னீய?"

நிழல் வளர்ந்தது. ஒன்று இரண்டாகப் பிரிந்து சுவரெல்லாம் ஏறி, தலைகள் கூரையில் மடங்கின. விளக்குக்குக் கிட்டே வந்தால்தான் நிழல் வளரும். அது அவனுக்குத் தெரியும். எழுந்திருக்க வேண்டும். இடது விளக்கைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தான்.

வலது விளக்கின் வெளிச்சம் சுவரிலிருந்து போனது. பிறகு இடது.

சுவிட்ச் போட்டபடி இருந்தது. விளக்கு அணையவில்லை. அதைப் பிடித்திருந்த அவன் உள்ளங்கையில் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. வெளிச்சம் மட்டும் கண்ணாடியைத் தாண்டி ஒரு விரற்கடை தூரம் போய், அங்கே எதன் மேலோ பட்டு நின்றது.

நீலப் பாவாடைத் துணி. பள்ளிச் சீருடை. நூல் பிரிந்த விளிம்பு.