கந்தப்பனுக்குப் பதில் வந்த ஆள்

மூன்று தேநீர் சொன்னார் பொன்னையா. கடைக்காரர் நாலு கொண்டுவந்து வைத்தார்.

"மூணுதான சொன்னேன்."

"கார்ல ரெண்டு பேர் இருக்காங்களே," என்றார் கடைக்காரர், மேசையை ஈரத் துணியால் துடைத்தபடி. "நீங்களும் டிரைவரும் ரெண்டு. நாலுதானுங்களே வருது."

பொன்னையா திரும்பிப் பார்த்தார். கினிகத்தேனைக் கடைத்தெரு விடிந்தும் விடியாமல் பனிமூட்டத்துக்குள் கிடந்தது. எதிரே நின்ற பழைய ஆஸ்டின் காரின் கண்ணாடிகளில் ஆவி படிந்திருந்தது. பின் சீட்டில் அவர் மனைவி நாகலெட்சுமி மட்டும்தான் இருந்தாள். முக்கால் சீட்டு காலியாகக் கிடக்க, அவள் மறுபக்கக் கதவோடு ஒட்டி, தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் இப்படி என்று கேட்கத் தோன்றியது. ஆனால் ஏற்கெனவே ஐம்பது நிமிடம் தாமதம். நாலாவது தேநீரை ஆறவிட்டு எழுந்துவிட்டார்.

பொன்னையாவுக்கு எப்போதுமே கோபம் மூக்கு நுனியில் இருக்கும். லிந்துலைப் பக்கத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை அவர். விடியும் முன் பெரட்டுக் களத்தில் பேர் வாசித்து, இருநூறு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர். நேரம் தவறினால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் இந்தப் பயணத்துக்கு இரண்டு நாளாகத் திட்டம் போட்டிருந்தார். நாலு மணிக்கு லிந்துலை, ஐந்துக்கு ஹட்டன், ஆறுக்கு கினிகத்தேனை, எட்டேகாலுக்கு அவிசாவளை, பத்துக்கெல்லாம் கொழும்பு. பதினொன்றரைக்கு விசாரணை. இரண்டு மணிக்குத் திரும்பினால் இரவு எட்டுக்குள் வீடு. ஒரு முழுத் தாளில் கோடு போட்டு எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

வேறு வழி இருந்தால் இந்தக் காரை அவர் எடுத்திருக்கவே மாட்டார். வட்டவளையில் மண் சரிந்து ரயில் ஓடவில்லை. தோட்டத்துத் தொரை கொடுத்தது ஒரே ஒரு நாள் லீவு. மறுநாள் பெரட்டுக்கு ஆள் இருந்தாக வேண்டும். இலங்கைக் குடியுரிமை மனுமீது விசாரணை என்று வந்த கடிதமோ கறாராகப் பேசியது: மனைவியோடும் ஒரு சாட்சியோடும் நேரில் வரவேண்டும், வராவிட்டால் மனு தள்ளப்படும். இதே மலையில் பிறந்து, இதே கோயிலில் தாலி கட்டி, நாற்பத்திரண்டு வருஷம் இதே குளிரில் கிடந்த ஒரு மனிதன் எந்த நாட்டு ஆள் என்பதை ஐம்பத்தேழாம் வருஷத்து ஆடி மாதத்தில் யாரோ ஒருவர் கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்தத் திட்டம் கிளம்பும்போதே கெட்டது. சாட்சி சொல்ல வருவதாக இருந்த கந்தப்பன் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். சாட்சி இல்லாமலாவது போய்ச் சேருவோம், தவணை கேட்டுக் காலில் விழுவோம் என்று பொன்னையா காரில் ஏறினார். டிரைவர் சின்னராசா சாவியைத் தொடவில்லை.

"மூணு பேரா கெளம்பக் கூடாதுங்கய்யா. போற காரியம் வெளங்காது. ஒரு கல்ல எடுத்து வச்சுக்குங்க, நாலாவது ஆளா இருக்கட்டும்."

"கல்லும் மண்ணும் தேடிக்கிட்டிருக்க நேரமில்லப்பா. எடு வண்டிய."

"எனக்கும் புள்ள குட்டி இருக்குதுங்க."

பதினைந்து நிமிடம் இப்படியே போனது. கடைசியில் பொன்னையாதான் பல்லைக் கடித்துக்கொண்டு, போகிற வழியில் எடுத்துத் தொலைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். தோட்டத்து எல்லையில், ஆறாம் நம்பர் மலை வளைவில் காரை நிறுத்தச் சொன்னார். கை நீட்டினால் கை தெரியாத இருட்டும் பனியும். ரோட்டோரம் ரோடு போடக் குவித்திருந்த கல் காலில் தட்டியது. மேலே இருந்த ஒன்றைப் பிடுங்கினார். அது எளிதில் வரவில்லை. அடியில் ஏதோ பிடித்திழுப்பதுபோல் கொஞ்சம் அடம் பிடித்துப் பிறகு வந்தது. அதைப் பின் சீட்டில், நாகலெட்சுமிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு முன்னால் ஏறிக்கொண்டார்.

இப்போது கினிகத்தேனை தாண்டி இறக்கத்தில் கார் போய்க்கொண்டிருந்தது. இறக்கத்தில் பறக்க வேண்டிய வண்டி முனகிக்கொண்டு ஊர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் ஒரு சாய்ப்புச் சாய்ந்து, அடியில் இரும்பு கிறீச்சிட்டது. வெளியே பாறைகளிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம், டயருக்கடியில் சேறு பிளக்கும் சத்தம், இவற்றுக்கு நடுவே வேறொரு சின்னச் சத்தமும் பொன்னையாவுக்குக் கேட்டது. ஈரத் துணியை யாரோ மெதுவாகப் பிழிவதுபோல. மூடிய காருக்குள் மண் வாசனை அடித்தது. மழை மண்ணின் வாசனை இல்லை. ஆழத்தில் கிடந்து வெளியே வந்த மண்ணின் வாசனை.

"என்னப்பா, ஏன் இப்படிப் போவுது?"

"பாரம் தாங்கலீங்க," என்றான் சின்னராசா. கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். பிறகு கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டான். "அம்மா பக்கம் சாயல. இந்தப் பக்கம்தான் சாயுது."

நாகலெட்சுமி பின்னாலிருந்து கேட்டாள். "ஏங்க, இந்தக் கல்ல எங்க எடுத்தீங்க?"

"ஆறாம் நம்பர் வளைவுல. ரோட்டுக் கல்லு."

"அங்க ரோட்டுக் கல்லு ஏதுங்க? ரோடு போட்டு மூணு வருசம் ஆச்சே." அவள் குரல் மிகவும் தாழ்ந்தது. "அங்க அழகனையில்ல வச்சிருக்கு."

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வளைவில் மண் சரிந்து செத்துப்போன ஆள் அழகன். மயானத்துக்குத் தூக்கிப்போனால் நாள் முழுக்க வேலை கெடும் என்று, அங்கேயே தேயிலை ஓரத்தில் குழி வெட்டச் சொன்னவர் பொன்னையாதான். காட்டுப்பன்றி தோண்டாமலிருக்க மேலே கல் குவிக்கச் சொன்னவரும் அவர்தான். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் முடித்து ஆட்களைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார். அழகனின் அண்ணன் வட்டவளையிலிருந்து சாயந்தரம் வந்து, முகம் பார்க்க முடியாமல் அந்தக் கல் குவியலைக் கட்டிக்கொண்டு அழுததை அவர் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே போகவில்லை. அன்றைக்கும் நேரமில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. டிரைவர் பார்க்கிற பார்வையும், காருக்குள் அடிக்கிற வாடையும் சேர்ந்து தன் திட்டத்தைக் கெடுக்கவென்றே கிளம்பியிருப்பதுபோல் பட்டது. கித்துல்கலையில் ஆறு ரோட்டை ஒட்டி வந்தது. பொன்னையா கையைப் பின்னால் நீட்டிக் கல்லை எடுத்தார். ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. ஜன்னல் வழியாக வீசிவிட்டார். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

சின்னராசா பிரேக்கை மிதித்தான். "என்ன காரியம் பண்ணிட்டீங்க. கூட்டிக்கிட்டு வந்த ஆள நடுவழில தள்ளி விட்டா, அவன் எங்கங்க போவான்?"

"கொழும்புக்கு விடு. இல்லாட்டி எறங்கி நடந்துருவேன்."

கார் கிளம்பியது. லேசாக ஓடியது. யட்டியாந்தோட்டைவரை பறந்தது. பொன்னையா தாளை எடுத்துப் பார்த்து, விட்ட நேரத்தில் பாதியைப் பிடித்துவிட்டதாகக் கணக்குப் போட்டார். மண் வாசனை போய்விட்டது. காலை வெயில் முகத்தில் விழுந்தது. வெறும் கல்லுக்கா இத்தனை பயம் என்று தன்னையே கேலி செய்துகொள்ளும் தைரியம்கூட வந்தது.

அவிசாவளையில் ஒரு பொலிஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். உள்ளே குனிந்து பார்த்தார். நாலு பேரும் ஒரே தோட்டமா என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு பின் சீட்டைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். அந்த ஆளுக்குத் தலை துவட்ட ஒரு துண்டு கொடுக்கக் கூடாதா, ஆற்றில் விழுந்தவன் மாதிரி இருக்கிறானே என்றார்.

சின்னராசா வண்டியை எடுத்தான்.

பொன்னையா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. வாசனை வந்துவிட்டது.

கொழும்புக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று இருபது. எத்தனை நாள் எத்தனை பேர் அலைந்து தேய்ந்த மரப்படி ஏறி, ஒரு நீண்ட அறைக்குள் போனார்கள். பகல் வெளிச்சம். மேலே மின்விசிறி. வெளியே டிராம் போன தண்டவாளத்தின் மேல் பஸ்கள் இரைந்தன. பேய்க்கு இங்கே என்ன வேலை என்று பொன்னையா நினைத்தார். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி. அவர் பக்கத்தில் கறுப்புக் கோட்டில் மொழிபெயர்ப்பாளர். எதிரே மூன்று நாற்காலி. பொன்னையா ஒன்றில் உட்கார்ந்தார். நாகலெட்சுமி நடு நாற்காலியை விட்டுவிட்டு மூன்றாவதில் உட்கார்ந்தாள்.

அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். சாட்சி கந்தப்பன் வந்திருக்கிறாரா?

பொன்னையா கைகூப்பி எழப் போனார். ஒரு தவணை, ஒரே ஒரு தவணை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மொழிபெயர்ப்பாளர் நடு நாற்காலியின் பக்கம் காதைச் சாய்த்தார். தலையாட்டினார். அதிகாரியிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். கந்தப்பனுக்குக் காய்ச்சலாம். அவருக்குப் பதில் இவர் வந்திருக்கிறாராம்.

பெயர்?

மின்விசிறி சுற்றியது. வேறு சத்தமில்லை.

"அழகன்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அதிகாரி எழுதிக்கொண்டார். தலை நிமிரவில்லை. மனுதாரரை எத்தனை வருஷமாகத் தெரியும்?

மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் நாற்காலியிடம் கேட்டார். காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார். பொன்னையாவின் காதில் எதுவும் விழவில்லை. ஈரம் சொட்டுவது மட்டும் கேட்டது. ஒன்று. இன்னொன்று. பிறகு மொழிபெயர்ப்பாளர், தினமும் நூறு சாட்சியைப் பார்க்கிற சலிப்போடு, பதிலை இங்கிலீஷில் சொன்னார். தோட்டத்து ஆபீசில் பழகிய இங்கிலீஷ் பொன்னையாவுக்கு அது விளங்கப் போதுமாக இருந்தது.

உயிரோடு ஏழு வருஷம். அதற்குப் பிறகு இரண்டு.

"ஒன்பது," என்று எழுதினார் அதிகாரி. இடையில் மனுதாரர் தோட்டத்தை விட்டு எங்காவது போயிருக்கிறாரா?

இல்லையாம். தினமும் விடியக்காலையில் தன் தலைமாட்டு வழியாகத்தான் போகிறாராம். செருப்புச் சத்தம் கேட்குமாம்.

அதிகாரி தாளைத் திருப்பி வைத்தார். பொன்னையா கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டது. நாகலெட்சுமி போட்டாள். சாட்சிக்குக் கைநாட்டு என்றார்கள். மைப்பெட்டி நடு நாற்காலிக்கு முன் நகர்த்தப்பட்டது. அதை யாரும் தொடவில்லை. மையில் ஒரு பள்ளம் விழுந்தது. தாளில் பெருவிரல் பதிந்தது. மையோடு சிவப்பு மண்ணும். மண்ணோடு ஒரு மெல்லிய வேர்.

"நல்ல சாட்சி," என்றார் மொழிபெயர்ப்பாளர் தமிழில். "கடிதம் வரும். பயப்பட ஒண்ணுமில்ல. ரெண்டு பேர் பேரும் ஏறிடும்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தார். நாற்பத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தை. நடு நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. நாகலெட்சுமி கால்களை இழுத்துக்கொண்டு வழி விட்டாள்.

கீழே வெயில் கொளுத்தியது. பொன்னையா முன் கதவுக்குப் போனார். நாகலெட்சுமி முந்திக்கொண்டு ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"லெச்சுமி."

"வரும்போது ஏழு மணி நேரம் நான் உக்காந்து வந்துட்டேங்க," என்றாள். அவள் கண்ணில் நீர் நின்றது. அவரைப் பார்க்கவில்லை. "இனி என்னால ஆகாது. நீங்க உக்காருங்க."

"நாளைக்குப் போயிக்கலாம். இங்கயே எங்கயாவது தங்கி..."

"காலையில பெரட்டு இருக்குதே," என்றாள் அவள்.

பின் கதவைச் சின்னராசா திறந்து பிடித்திருந்தான். பொன்னையா ஏறினார். ஓரமாக உட்கார்ந்தார். கதவோடு ஒட்டினார். சின்னராசா கதவைச் சாத்தவில்லை. தலை குனிந்து, மரியாதையாக, இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றான். பக்கத்தில் சீட்டு மெல்ல அமுங்கியது. பிறகுதான் கதவைச் சாத்தினான்.

கார் நகர்ந்தது. பொன்னையா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் பின்னங்கழுத்தை. அதில் பூத்திருந்த வியர்வையை. அதை மட்டும்.

கொழும்பு தாண்டியபோது, அலைந்து களைத்த ஆள் தூங்கிச் சாய்வதுபோல, ஒரு தலை அவர் தோளில் வந்து படிந்தது. கனமாக. ஈரமாக. அவர் அசையவில்லை. கழுத்துக்குள் மண் உதிர்ந்தது.