மூடிய சரிவின் மூலவர்

டெல்பினை யாரும் பார்க்கக் கூடாது. அவளும் யாரையும் பார்க்கக் கூடாது. பதினெட்டு மாதத்துக்கு இதுதான் விதி.

காலை ஆறரைக்கு அறைக் கதவு தானாகத் திறக்கும். வாசலில் சாப்பாட்டுப் பெட்டி இருக்கும், வைத்த ஆள் இருக்கமாட்டார். பெட்டிக்குள் இட்லி என்ற பெயரில் ஒன்று இருக்கும். ஹிமாச்சலத்து மலை உச்சியில் அவித்த இட்லியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. அதைத் தின்றுவிட்டு, கழுத்திலிருந்து கணுக்கால் வரை தோலோடு ஒட்டும் பதிவுச் சட்டையை மாட்டிக்கொண்டு, சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்து மூடிய சரிவுக்குப் போவாள். பொழுது சாயும்வரை பனியில் சறுக்கி விழுவாள். விழுந்தால் எழுந்துவிட வேண்டும். தூக்கிவிட ஆள் கிடையாது, சிரிக்கவும் ஆள் கிடையாது. விழும்போது யாராவது ஒருத்தர் சிரித்தால்கூடத் தேவலை என்று மூன்றாவது மாதத்தில் அவளுக்குத் தோன்றியது.

தூத்துக்குடிக்காரிக்குப் பனிமலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஊரில் அவள் நீச்சல் டீச்சர். பன்னிரண்டு வருஷம். குளத்தில் இறங்கிய முதல் நாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறிய பிள்ளைகள், பத்தாம் நாள் அவளைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு ஓடும். அந்தப் பத்து நாளுக்காகத்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்றே சொல்லலாம். அப்புறம் தசைப்பதிவு வந்தது. ஒரு தேர்ந்த உடம்பின் அசைவுகளை எல்லாம் சட்டையில் பதிந்துகொள்வது. கற்றுக்கொள்பவர் அதே சட்டையின் நகலைச் சில நாள் போட்டுக்கொள்வது. சட்டை தசைகளை மெல்ல மெல்ல இழுத்து, ஆயிரம் முறை செய்த பழக்கத்தை உடம்புக்குள் ஏற்றிவிடும். நீச்சல் மூன்று நாள், ஸ்கூட்டர் ஒரு மத்தியானம், பரதநாட்டிய அடவு ஒரு வாரம். அழுகை இல்லை, அலறல் இல்லை, கழுத்தைக் கட்டிக்கொள்ளும் கை இல்லை. குளத்தில் டீச்சருக்கும் வேலை இல்லை.

ஆனால் இந்தப் பதிவுக்கு ஒரு நோய் உண்டு. நகல் போட்டுப் பழகிய உடம்பிலிருந்து மறுபடி நகல் எடுத்தால் அசைவு நடுங்கும். அடுத்தவர் சறுக்குவதைப் பார்த்துப் பழகினாலும் அந்த ஆளின் சாயல் கலந்துவிடும். தொடக்கக் காலத்தில் அப்படிக் கலந்த பதிவு ஒன்றைப் போட்ட பதினேழு பேர், ஒரே வளைவில், ஒரே காலை உடைத்துக்கொண்டார்கள். அதிலிருந்துதான் சட்டம் வந்தது. எந்த வித்தைக்கும் மூல உடல் ஒன்று வேண்டும். அது எவரையும் பாராமல், எவர் கையும் படாமல், எழுத்தில் உள்ள குறிப்பை மட்டும் படித்துத் தானாக விழுந்து கற்ற உடம்பாக இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு மூலவர் என்று பெயர். வைத்தவர் அடிக்கடி கோயிலுக்குப் போகிறவர் போல.

மலைக்காரர்கள் எல்லாரும் எப்போதோ ஏதாவது ஒரு சட்டையைப் போட்டுச் சறுக்கிவிட்டார்கள். அதனால் இந்தச் சரிவை நடத்தும் சோன்தார் விடுதிக்காரர்கள் பனியையே அறியாத உடம்பைத் தேடிக் கடற்கரை ஊர்களில் விளம்பரம் கொடுத்தார்கள். டெல்பினுக்குத் தெரிந்த பனி, மீன்கூடையில் போடும் ஐஸ்தான். உடனே எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு வேண்டியதெல்லாம் கடைசியில் கிடைக்கப்போகிற சான்றிதழ். தகுதிபெற்ற பனிச்சறுக்குப் பயிற்றுநர் என்று அதில் இருக்கும். சறுக்குச் சரிவில் மட்டும் இன்னும் பயிற்றுநர் ஒருவர் கூட இருக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் தினமும் சரிவில், மாணவர்கள் நடுவில் நிற்கலாம். அவளை மறுபடியும் நாலு பேர் டீச்சர் என்று கூப்பிடுவார்கள். அதற்காகப் பதினெட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் என்ன என்று கிளம்பி வந்துவிட்டாள்.

பல்லைக் கடிப்பது அவ்வளவு லேசாக இல்லை. குறிப்புப் புத்தகம், பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை விரித்தால் வேகம் குறையும் என்று சொல்லும். அப்படியே செய்வாள், குறையாது, முகம் பனியில் புதையும். பள்ளத்துப் பக்கக் காலில் எடையைப் போடு என்று சொல்லும். உடம்பு பயந்து மேட்டுப் பக்கமே சாயும். சரியாக வந்த நாளில் அதைச் சொல்ல ஆளில்லை. ஏழாம் மாதம் முதன்முறையாக மேலிருந்து அடிவாரம்வரை விழாமல் வந்தாள். வந்து நின்று, மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு மலை இருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு அழுதாள். அதற்குப் பிறகு திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பார்த்தால் என்ன இருக்கப்போகிறது?

சாயங்காலம் ஐந்தரைக்கு மட்டும் காதுக்கருவியில் ஒரு குரல் வரும். குரல் உடம்பைக் கெடுக்காதாம், சட்டத்தில் இடமுண்டு. பதிவகப் பொறியாளர் பிரைட் சிங், நாகர்கோவில்காரர். எங்கே வலி, தூக்கம் எப்படி, கணுக்கால் வீக்கம் வடிந்ததா என்று பட்டியலை வாசிப்பார். பத்து நிமிஷத்தில் பட்டியல் ஆறு நிமிஷம். மிச்ச நாலு நிமிஷம் இரண்டு பேரும் மீனைப் பற்றிப் பேசுவார்கள். அவர் ஊர்ச் சாளையா, அவள் ஊர்ச் சீலாவா என்று சண்டைகூட உண்டு. முகம் தெரியாத அந்த மனுஷனை அவள் அண்ணே என்று கூப்பிட்டாள். அந்த நாலு நிமிஷத்துக்காக மிச்ச நாள் முழுவதும் காத்திருப்பது தனக்கே வெட்கமாக இருந்ததாக அவள் பிற்பாடு அவரிடமே சொன்னாள்.

பதினெட்டு மாதம் முடிந்தது. தேர்வு வந்தது.

இந்தத் தேர்வில் தேர்வு எழுதுகிறவர் சறுக்க வேண்டியதில்லை. அதுதான் அதன் அழகு. பனியை மிதித்தறியாத பத்துப் பேருக்கு அவளுடைய பதிவை மூன்று நாள் காலையில் போடுவார்கள். நான்காம் நாள் காலை சட்டையைக் கழற்றிவிட்டு மேலிருந்து அனுப்புவார்கள். பத்துப் பேரும் ஒழுங்காக வந்து சேர்ந்தால் அவள் ஜெயித்தாள். சோதனை நகல் பத்து நாளில் உடம்பிலிருந்து வடிந்துவிடும். மூலவர் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தர நகல் எடுப்பார்கள், அவருக்குச் சான்றிதழும் தருவார்கள். நாற்பதாயிரம் சட்டைக்கு ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்கள்.

முதல் நாள், பத்துப் பேருக்கும் சட்டை மாட்டுவதற்கு முன்பு, கம்பிவண்டி ஏறும் இடத்தில் அவளை முதன்முறையாக மனிதர்கள் நடுவில் நிற்கவிட்டார்கள். அவளுக்குக் கால் கூசியது. பத்துப் பேரில் ஒரு தம்பதி கோயம்புத்தூர்க்காரர்கள், கல்யாணமாகி மூன்று மாதம். பெண் பெயர் யாழினி, கணவன் திலீபன். பனிக்கண்ணாடி யாருக்கு நன்றாக இருக்கிறது என்று இருவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் நின்று கேட்டதே டெல்பினுக்குப் போதுமாக இருந்தது. இவர்கள் என் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டாள், அவளைவிட நாலு வயதுதான் சின்னவர்கள் என்றாலும்.

நான்காம் நாள் அவள் அடிவாரத்தில் நின்றாள். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அடேயப்பா, என்ன வருகை! வளைவில் எடை சரியாக விழுந்தது, முழங்கால் சரியாக மடங்கியது, தேர்வுக் குழு வாய் பிளந்தது. பதினெட்டு மாதத்துச் சிராய்ப்பெல்லாம் இதற்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

பாதிச் சரிவில் யாழினியின் ஒரு பலகை காலணியிலிருந்து கழன்றது. பூட்டில் பனி அடைத்திருக்க வேண்டும். அவள் உருண்டு விழுந்தாள். பின்னால் வந்த நால்வர் அவளைத் தாண்டிப் போனார்கள். திலீபனும் தாண்டிப் போனான். ஒரு கை தூரம்தான் இருக்கும். அவன் தலை திரும்பவில்லை. நேராக வந்து, அழகாக நின்று, பனிக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலையடிவாரத்தை வேடிக்கை பார்த்தான். மேலே அந்தப் பெண் யாரையும் தேடாமல், யாருக்கும் கை நீட்டாமல், தானே எழுந்து, பலகையை மாட்டி, மிச்சத் தூரத்தையும் குறையில்லாமல் சறுக்கி வந்தாள். வந்தவள் கணவன் பக்கம் போகவில்லை. பத்துப் பேரும் ஆளுக்கொரு மூலையில், ஒருவர் நிழல் ஒருவர்மேல் படாத தூரத்தில் நின்றார்கள்.

டெல்பினுக்கு அது மட்டும் உறைத்திருந்தால் பரவாயில்லை. இன்னொன்றும் உறைத்தது. யாழினி விழுந்ததிலிருந்து எழுந்தது வரை, கண்ணெதிரே பார்த்துக்கொண்டே, தானும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. குளத்தில் ஒரு பிள்ளை இருமினால் உடுப்போடு குதித்தவள் அவள். இன்றைக்கு அந்த நினைப்பே கால்களுக்கு வரவில்லை.

குழு பத்துக்குப் பத்து என்று அறிவித்தது. யாரும் யார் பாதையிலும் குறுக்கிடாததால் மோதலே நிகழாது என்று தனிப் பாராட்டும் எழுதியது. கையெழுத்துப் போடச் சாயங்காலம் வரை நேரம். டெல்பின் கையெழுத்துப் போடாமல் விடுதிக் காபிக்கடைக்குப் போனாள். யாழினி ஒரு மேசையில் தனியாக இருந்தாள். திலீபன் நாலு மேசை தள்ளித் தனியாக இருந்தான். சண்டையா என்று கேட்டதற்கு, இல்லையே என்று இரண்டு பேருமே ஆச்சரியப்பட்டார்கள். விழுந்தபோது பயமாக இருந்ததா என்று யாழினியிடம் கேட்டாள்.

“இல்லைங்க டீச்சர். யாராச்சு வரோணும்னே தோணலைங்க. ரொம்ப நிம்மதியா இருந்துச்சு.”

டீச்சர். பதினெட்டு மாதம் காத்திருந்த வார்த்தை. அது இப்படியா வந்து சேர வேண்டும்?

பிரைட் சிங்கைத் தேடிப் பதிவகத்துக்குப் போனாள். குரலை வைத்து உயரமான ஆள் என்று நினைத்திருந்தாள். குள்ளமாக, வழுக்கையாக இருந்தார். பார்த்ததும் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்றார்கள். கையெழுத்துப் போடப் போவதில்லை என்று சொன்னாள். அவர் பதறிப்போனார். அவள் உடம்பு இனிப் பனி அறிந்த உடம்பு, இன்னொரு முறை மூலவராக முடியாது, சான்றிதழ் போனால் போனதுதான் என்று எடுத்துச் சொன்னார். அந்தப் பத்துப் பேர் என்ன ஆவார்கள் என்று கேட்டாள். பத்து நாளில் எல்லாம் வடிந்து பழையபடி இடித்துக்கொண்டு சிரிப்பார்கள் என்றார்.

“அவங்களுக்குப் பத்து நாளு. எனக்கு எத்தன நாளுண்ணே?”

அவளுடையது நகல் இல்லையே, வடிவதற்கு.

அவள் கையெழுத்துப் போடாத தாளை மடித்து மேசையில் வைத்தாள். தனக்கு ஓர் உதவி மட்டும் வேண்டும் என்றாள். பதிவகத்தில் உலகத்துப் பதிவெல்லாம் இருக்கிறதல்லவா? கூட ஒரு மனுஷன் இருக்கும்போது பழகின உடம்பு, யாராவது விழுந்தால் திரும்பிப் பார்க்கிற கழுத்து, அப்படி ஒரே ஒரு பதிவு இருந்தால் போதும். அதை மூன்று காலை போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள்.

பிரைட் சிங் தேடினார். நடை, சமையல், தையல், கார் ஓட்டுவது, ஜோடி நடனம். ஜோடி நடனத்தில்கூட இரண்டு பேரைத் தனித்தனி அறையில் வைத்துத்தான் பதிந்திருந்தார்கள். நாற்பது நிமிஷம் தேடினார். சட்டம் எல்லா மூலவருக்கும் ஒன்றுதான். கடைசியாக ஒரு பதிவில் அவர் கை நின்றுவிட்டது. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பதிவு. அதுவாவது இருக்கிறதே என்று டெல்பின் எட்டிப் பார்த்தாள்.

“இது வேண்டாம்,” என்றார் அவர். “பொம்மைய வச்சு எடுத்தது.”

“பொம்மையா?”

“மூலவர் பக்கத்துல உசுருள்ள யாரும் இருக்கக் கூடாதுல்லா. கொழந்தையும் ஆளுதானே.”

அவர் திரையை அணைக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் மக பிறந்தப்போ நானும் என் வீட்டுக்காரியும் இதத்தான் போட்டோம், டெல்பின். நிரந்தர நகல். அவளுக்கு இப்ப ஒம்பது வயசு. கைக்கொழந்தையில நாங்க தூக்குனா அழவே மாட்டா, கழுத்தக் கட்டிக்கவும் மாட்டா. எவ்வளவு சமத்துன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”